தென்காசி–குற்றாலம் நிலப்பரப்பில் ஹாம் வானொலித் தரவு வலையமைப்பு: மோடம் பொருந்தாமையைக் கண்டறியும் முறை

ஆய்வுச்சுருக்கம்

ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியின் வழியாக எழுத்துச் செய்திகளை அனுப்பும் தரவு வலையமைப்பு, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழக்கும் பேரிடர்க் காலத்தில் பயன்தரவல்லது. எனினும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் உருவான மோடங்களை ஒரே வலையமைப்பில் இணைக்கும்போது அவை ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போவதுண்டு. இப்பொருந்தாமை ஒரே குறையன்று என்பதும், அலை, ஒலி, நேரம், சட்டகம், இணைப்பு, எழுத்து என்னும் ஆறு அடுக்குகளுள் ஏதேனும் ஒன்றில் உடன்பாடு முறிவதன் விளைவே அது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஆறாம் அடுக்காகிய தமிழ் எழுத்துக் குறிமுறைக்கு இங்குத் தனிக் கவனம் செலுத்தப்படுகிறது. குற்றால அருவிகளையும் தென்காசிச் சமவெளியையும் எடுத்துக்காட்டு நிலப்பரப்பாகக் கொண்டு, பிழை காணும் வரிசைமுறை விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஹாம் வானொலி, பொதி வானொலி, மோடம், பொருந்தாமை, தமிழ்க் குறிமுறை, யுடிஎஃப்-8, குற்றாலம், பேரிடர்த் தொடர்பு.

1. முன்னுரை

2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவியின் அடியில் நிற்பவருக்கு மலையின் மேற்பகுதியில் பெய்யும் மழை தெரிவதில்லை. நீர் வந்து சேர்வதற்கு முன் செய்தி வந்து சேர வேண்டும் என்பதே இங்குள்ள அடிப்படைத் தேவை.

அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருவைகுண்டத்தில் தொடர்வண்டி ஒன்று ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுபோனது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. பொதுத் தொலைத்தொடர்பு ஒருசேர விழும்போது அதனைச் சாராத ஒரு வழி தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அத்தகைய வழிகளுள் ஒன்று ஹாம் வானொலி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தது. வானொலித் தொடர்புப் பயணமாகச் சென்றிருந்த அக்குழுவே தீவுகளுக்கும் தலைநிலத்துக்கும் இடையே செய்திகளைப் பரிமாறியது. அங்குப் பயன்பட்டது பெரும்பாலும் குரல்வழித் தொடர்பு. பெயர்ப் பட்டியல், நீர்மட்டம், மருந்துத் தேவை போன்றவற்றைப் பிழையின்றி அனுப்புவதற்கும், கேட்பவர் இல்லாத நேரத்திலும் செய்தியைச் சேமித்து வைப்பதற்கும் தரவுவழித் தொடர்பே ஏற்றது.

ஆயின் குரலுக்கும் தரவுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குரல் படிப்படியாக மங்கும். இரைச்சலிடையேயும் செவி பொருளைப் பிடித்துக்கொள்ளும். தரவுப் பொதியிலோ ஒரு பிட் பிழைத்தாலும் பொதி முழுவதும் கழிக்கப்படும். பயன்படுத்துவோர் காண்பது வெறுமையை மட்டுமே. எந்த இடத்தில் முறிவு நேர்ந்தது என்பதை அவ்வெறுமை உணர்த்துவதில்லை. ஆகவே பிழை காண்பதற்கு ஒழுங்கான முறை தேவைப்படுகிறது.

2. பொதி வானொலியின் வளர்ச்சி

செய்தியைச் சிறு பொதிகளாக்கி வானொலி அலையில் அனுப்பும் முறைக்கு முன்னோடி, நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1971இல் இயங்கத் தொடங்கிய அலோகா வலையமைப்பு ஆகும். 1978இல் கனடாவின் மான்ட்ரியல் நகர ஹாம் வானொலியர் இம்முறையைத் தம் அலைவரிசைகளில் செய்து பார்த்தனர். அமெரிக்காவின் டூசான் நகரக் குழு டிஎன்சி எனப்படும் முனையக் கட்டுப்பாட்டுப் பெட்டியை எளிய விலையில் பரவலாக்கியது. 1984இல் ஏஎக்ஸ்.25 நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 1987இல் மைக் செப்போனிஸ், ஃபில் கார்ன் ஆகிய இருவரும் கணினியையும் டிஎன்சியையும் இணைக்கும் கிஸ் என்னும் எளிய நெறிமுறையை வெளியிட்டனர். பாப் புருனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ், இருப்பிடத்தையும் குறுஞ்செய்தியையும் அனைவர்க்கும் ஒருசேர அறிவிக்கும் முறையாக வளர்ந்தது.

தமிழகத்துக்கும் இத்துறை புதிதன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தில் உருவான அனுசாட் செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20ஆம் நாள் பிஎஸ்எல்வி–சி12 ஏவுகலத்தால் செலுத்தப்பட்டது. ஓரிடத்தில் பெற்ற செய்தியைச் சேமித்து மற்றோர் இடத்தில் அளிப்பது அதன் பணிகளுள் ஒன்று.

இவ்வரலாறு இங்குக் கூறப்படுவதற்குக் காரணம் உண்டு. இன்று ஒரு ஹாம் வானொலியரின் மேசையில் நாற்பது ஆண்டுக்கு முந்தைய வடிவமைப்பைக் கொண்ட டிஎன்சியும், கணினியின் ஒலி அட்டையை மோடமாக்கும் டயர் வுல்ஃப் மென்பொருளும், கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் சிறு பெட்டியும் அருகருகே இருக்கலாம். ஒவ்வொன்றும் தன் காலத்தின் எடுகோள்களைச் சுமந்து வருகிறது. பொருந்தாமையின் வேர் அவ்வெடுகோள்களில் உள்ளது.

3. எடுத்துக்காட்டு அமைப்பு

விளக்கத்தின் பொருட்டு ஓர் அமைப்பைக் கற்பனையாகக் கொள்வோம். தென்காசி நகரின் உயர்ந்த கட்டடம் ஒன்றில் எண்ணிம மறுபரப்பி. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய மூன்றிடங்களிலும் ஒவ்வொரு நிலையம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 5 கி.மீ. அருவிகள் மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளன; அவற்றினிடையே மலைமுகடுகள் நீண்டு மறைக்கக்கூடும். கிழக்கே சமவெளியிலுள்ள தென்காசியை நோக்கிய வழி ஒப்பீட்டளவில் திறந்தது. எனவே அருவி நிலையங்கள் ஒன்றையொன்று நேரே கேளாமல், தென்காசி வழியாகவே கேட்கும் நிலை ஏற்படலாம். இக்கூறு பின்னர் முதன்மை பெறும்.

4. பொருத்தத்தின் ஆறு அடுக்குகள்

4.1 அலை அடுக்கு

இரு நிலையங்களும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே பண்பேற்ற முறையில் இயங்க வேண்டும் என்பது முதல் உடன்பாடு. பரவலான முறை, பண்பலை வானொலியில் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் ஆகிய இரு தொனிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து நொடிக்கு 1200 பிட் அனுப்புவதாகும். நொடிக்கு 9600 பிட் அனுப்பும் முறையில் இத்தகைய தொனிகள் இல்லை. தரவு நேரடியாக அலையின் அதிர்வெண்ணை அசைக்கிறது. டி–ஸ்டார், டிஎம்ஆர் ஆகிய எண்ணிமக் குரல் கருவிகளும் தரவை அனுப்புமேனும், அவற்றின் பண்பேற்றம் வேறு. பெட்டியின் மேல் ‘எண்ணிமம்’ என்று எழுதப்பட்டிருப்பது பொருத்தத்துக்குச் சான்றாகாது.

லோரா மோடங்களில் இவ்வடுக்கு மேலும் நுட்பமானது. அதிர்வெண், அலைப்பட்டை அகலம், பரவல் எண், பிழைதிருத்த வீதம், ஒத்திசைவுச் சொல் ஆகியவற்றுள் ஒன்று வேறுபட்டாலும் இணைப்பு நிகழாமல் போகலாம். அயல்நாட்டு முன்னமைவும் தடையாகும். ஐரோப்பாவில் லோரா வழி ஏபிஆர்எஸ் 433.775 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்தியாவில் அமெச்சூர் சேவைக்குரிய பட்டை 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆகவே ஐரோப்பிய முன்னமைவுடன் வரும் கருவி, இயக்கியவுடனேயே இந்தியாவின் அமெச்சூர் பட்டைக்கு வெளியே ஒலிபரப்பும். இங்குத் தொழில்நுட்பப் பிழையும் சட்டப் பிழையும் ஒன்றாகின்றன.

4.2 ஒலி அடுக்கு

நடைமுறையில் மிகுதியான முறிவுகள் நிகழ்வது இவ்வடுக்கிலேயே எனலாம். பண்பலை வானொலி, ஒலிவாங்கி வழியே வரும் ஒலியின் உயர் அதிர்வெண்களை எண்மத்துக்கு 6 டெசிபல் வீதம் மிகுத்து அனுப்புகிறது. பெறும் கருவி ஒலிபெருக்கிக்கு முன் அதே அளவு குறைக்கிறது. ஒலிவாங்கித் துளையில் செலுத்தி ஒலிபெருக்கித் துளையில் பெற்றால் இவ்விரண்டும் சமன்படும். ஆனால் ஒரு முனையில் ஒலிவாங்கித் துளையும், மறுமுனையில் குறைக்கப்படாத நேர் வெளியீடும் பயன்பட்டால், 2200 ஹெர்ட்ஸ் தொனி 1200 ஹெர்ட்ஸ் தொனியைவிட ஏறத்தாழ 5 டெசிபல் மிகுந்து ஒலிக்கும். செவிக்கு இரண்டும் தெளிவாகவே கேட்கும். மோடமோ ஒரு தொனியை இழந்துவிடும்.

ஒலியளவு மிகுதலும் இத்தகையதே. ‘கேட்கவில்லை’ என்று கருதி ஒலியளவை உயர்த்துவது இயல்பான எதிர்வினை. ஆனால் அலையின் விலகல் வரம்பை எட்டியதும் வானொலி ஒலியின் முகட்டை வெட்டுகிறது, தொனி சிதைகிறது. குறைத்தலே பெரும்பாலும் தீர்வாகும். 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அமைந்த நிலையமும், 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய நிலையில் வைக்கப்பட்ட கைவானொலியும் உரையாடும்போதும் இச்சிதைவு தோன்றும்.

பல வானொலிகளில் உள்ள ஆறு முள் தரவுத் துளையில் 1200க்கு ஒரு வெளியீடும் 9600க்கு மற்றொரு வெளியீடும் தனித்தனியே உள்ளன. 9600 மோடத்தை 1200 முள்ளில் இணைத்தால், மின்சுற்று முழுமையாக இருந்தும் ஒரு பொதிகூட வாராது. ஒலிவாங்கித் துளை வழியே 9600 அனுப்ப முயல்வதும் பயனற்றது; அவ்வேகத்துக்குத் தேவையான மிகத் தாழ் அதிர்வெண்களை அவ்வழி கடத்துவதில்லை.

4.3 நேர அடுக்கு

ஒலிபரப்புப் பொத்தான் இயங்கிய கணமே அலை முழுமை பெறுவதில்லை. அனுப்பும் கருவி நிலைபெறவும், பெறும் கருவியின் இரைச்சல் தடுப்புத் திறக்கவும் சிறிது நேரம் வேண்டும். அதுவரை மோடம் தரவைத் தொடங்காமல் காத்திருக்கும் நேரத்தைக் கிஸ் நெறிமுறை 10 மில்லிநொடி அலகில் குறிக்கிறது. முன்னமைவு 50, அதாவது அரை நொடி. இதனைக் குறைத்து வைத்த நிலையம், விரைந்து திறக்கும் கருவியோடு நன்கு உரையாடும். மெல்லத் திறக்கும் கருவிக்குத் தொடக்கம் வெட்டுப்பட்ட பொதிகளையே அளிக்கும். ‘அவருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை’ என்னும் புலம்பலின் பின்னணியில் இது இருக்கலாம்.

கைவானொலிகளின் மின்கலச் சேமிப்பு வசதி, பெறும் பகுதியை இடையிடையே உறங்கவைக்கிறது. குரலுக்கு இது தெரிவதில்லை. பொதியின் தலைப்பகுதி இழக்கப்படுகிறது. தரவுக்குப் பயன்படும் கருவியில் இதனை நிறுத்திவைத்தல் கட்டாயம். ஒலியை உணர்ந்து தானே ஒலிபரப்பும் வசதி, ஒலி நின்ற பின்னும் சிறிது நேரம் அலையை விடாமல் பிடித்திருக்கும்; அதற்குள் மறுமுனையின் ஒப்புகை வந்து மறைந்துவிடும்.

4.4 சட்டக அடுக்கு

ஏஎக்ஸ்.25 சட்டகத்தில் அனுப்புநர், பெறுநர், மறுபரப்பிகள் ஆகியோரின் அழைப்புக் குறிகள், தகவல், 16 பிட் சரிபார்ப்பு எண் ஆகியவை உள்ளன. அழைப்புக் குறிக்கு ஆறு எழுத்து இடமும், 0 முதல் 15 வரையிலான துணை எண்ணும் மட்டுமே உண்டு. அதனினும் நீண்ட சிறப்பு அழைப்புக் குறியைச் சட்டகம் ஏற்காது.

பிழைதிருத்தம் சேர்த்த பிற்கால முறைகள் இரண்டை ஒப்பிட்டால் பொருத்தம் என்னும் கருத்தே தெளிவாகும். எஃப்எக்ஸ்.25 முறை, பழைய சட்டகத்தை மாற்றாமல் அதன் முன்னும் பின்னும் கூடுதல் பிட்டுகளைச் சேர்க்கிறது; பழைய மோடம் அக்கூடுதலைப் புறக்கணித்து நடுவிலுள்ள சட்டகத்தைப் படித்துக்கொள்ளும். ஐஎல்2பி முறையோ சட்டகத்தையே புதிதாக அமைக்கிறது; பழைய மோடத்துக்கு அது வெறும் இரைச்சல். பலவகைக் கருவிகள் கலந்த வலையமைப்பில், கருவிகள் யாவும் மாறும்வரை முன்னதே ஏற்றது.

4.5 இணைப்பு அடுக்கு

மோடத்துக்கும் கணினிக்கும் இடைப்பட்டது இவ்வடுக்கு. இங்கு இரு வேகங்கள் குழப்பப்படுகின்றன. கணினிக் கம்பியில் நொடிக்கு 9600 என்பது வேறு. வானலையில் நொடிக்கு 1200 என்பது வேறு. முன்னதை மாற்றினால் பின்னது மாறாது. பழைய தொடர்வரிசைத் துளையின் நேர்–எதிர் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட் சிறு பலகையில் நேரே செலுத்தினால் பலகை பழுதாகும். இடையே மாற்றிச் சில்லு வேண்டும்.

பழைய டிஎன்சிகள் கட்டளை நிலையில் தொடங்குபவை. புதிய மென்பொருள்களோ கிஸ் நிலையை எதிர்பார்ப்பவை. இவ்விரண்டும் சந்திக்கும்போது மென்பொருள் ‘இணைந்தது’ என்று காட்டும். பொதி மட்டும் செல்லாது. புளூடூத்திலும் மரபுவகை, குறைமின்வகை என இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் கைப்பேசியில் மற்றதைக் கொண்ட மோடம் இயங்காது.

4.6 எழுத்து அடுக்கு

பொதி பிழையின்றி வந்து சேர்ந்தாலும், படிப்பவரின் திரையில் தமிழ் தோன்றாவிடில் தொடர்பு நிறைவேறியதாகாது. வானொலிக் கையேடுகள் ஆங்கில எழுத்தை எடுகோளாகக் கொள்வதால் இவ்வடுக்கைப் பெரும்பாலும் பேசுவதில்லை. அருவியருகே கடை வைத்திருப்பவரும், காவலரும், தன்னார்வலரும் நொடியில் படித்துணரத் தமிழே ஏற்றது என்பதால் தமிழ் ஆய்வுலகம் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறிப்புள்ளி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்கிறது. உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் மெய்யுருவும் துணைக்குறியுமாக இரு குறிப்புள்ளிகளைப் பெறுகிறது. ‘அருவியில் வெள்ளம்’ என்னும் தொடரில் எழுத்துகள் 9, குறிப்புள்ளிகள் 16, இடைவெளியையும் சேர்த்து 49 பைட். ஏபிஆர்எஸ் குறுஞ்செய்தியின் உச்ச அளவு 67. அதாவது, இடைவெளியின்றி எழுதினால் 22 தமிழ்க் குறிப்புள்ளிகளே அடங்கும். 22 முறை மூன்று 66. எஞ்சும் ஒரு பைட்டில் அடுத்த குறிப்புள்ளி பாதியில் அறுபடும். செய்தியின் இறுதியில் கேள்விக்குறி பொறித்த சாய்சதுரம் தோன்றினால், காரணம் மோடமன்று, செய்தியின் நீளமே.

தமிழக அரசு 2010 ஜூன் மாதத்தில் ஒருங்குறியோடு ஏற்பளித்த டேஸ்16 குறிமுறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் 16 பிட், அதாவது இரண்டு பைட். மேற்கண்ட தொடர் அதில் இடைவெளி உட்பட 20 பைட்டில் அடங்கும். சிக்கனம் வெளிப்படை. ஆயின் பெறுவோர் அனைவரது கருவியிலும் அதற்குரிய எழுத்துருவும் மென்பொருளும் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒரு பொருத்தத்தை ஈட்ட மற்றொன்றை இழப்பதாகும். ஆகவே பொதுப் பயன்பாட்டுக்கு யுடிஎஃப்-8ஐ ஏற்று, செய்தியைச் சுருக்கி எழுதுவதே தக்கது.

தமிழ் சிதைந்து தோன்றும் வடிவமே முறிவின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளியும் 224 என்னும் பைட்டில் தொடங்குகிறது. அடுத்தது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரை. பழைய டிஎன்சியின் முன்னமைவு ஏழு பிட் ஆகையால், எட்டாம் பிட் வெட்டப்பட்டு 224 என்பது 96 ஆகவும், 174 என்பது 46 ஆகவும் மாறும். திரையில் சாய்ந்த மேற்கோள் குறியும் முற்றுப்புள்ளியும் மாறி மாறி வரும். இது கண்டால் டிஎன்சியை எட்டு பிட்டுக்கு மாற்ற வேண்டும் அல்லது கிஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மாறாக, மேற்குறி பெற்ற லத்தீன் உயிரெழுத்தும் வட்டத்துள் அமைந்த பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால், பைட்டுகள் பழுதின்றி வந்துள்ளன. படிக்கும் மென்பொருள் குறிமுறையைத் தவறாகக் கொண்டுள்ளது என்பது பொருள். வெற்றுக் கட்டங்கள் தோன்றினால் எழுத்துரு இல்லை என்பது பொருள். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

கிஸ் நெறிமுறை 192, 219 ஆகிய இரு பைட்டுகளைத் தன் சிறப்புக் குறிகளாகக் கொண்டுள்ளது. மேற்கூறிய எண்வரம்பை நோக்கினால், யுடிஎஃப்-8 தமிழில் இவ்விரண்டும் வருவதேயில்லை என்பது புலனாகும். எனவே ‘கிஸ் தமிழைக் கெடுக்கிறது’ என்னும் ஐயத்துக்கு இடமில்லை.

5. பொருந்தாமை போலத் தோன்றுவன

எல்லாத் தோல்வியும் பொருந்தாமை அன்று. நம் எடுத்துக்காட்டில் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஒன்றையொன்று கேளாதவை. ஒவ்வொன்றும் அலைவரிசை காலியாக உள்ளது என்று கருதி ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால், இரண்டும் தென்காசியில் மோதி அழியும். தனித்தனியே சோதித்தபோது இயங்கிய நிலையங்கள் ஒருங்கே இயங்கும்போது தோற்பது இதன் அடையாளம். பொருந்தாத மோடம் எப்போதும் தோற்கும். மோதலோ சிலபோது மட்டும் தோற்கும்.

இம்மோதலின் அளவைக் கணக்கிடலாம். 49 பைட் தமிழ்ச் செய்தி, முகவரித் தலைப்பு, இரு மறுபரப்பிகளின் குறிகள், சட்டகக் குறிகள் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 94 பைட். நொடிக்கு 1200 பிட் வேகத்தில் இதற்கு 0.63 நொடி. முன்னமைவான அரை நொடிக் காத்திருப்பும் சேர்ந்து 1.1 நொடிக்கு மேலாகிறது. மறுபரப்பி இதனைத் திரும்ப அனுப்பும், பெறுநர் ஒப்புகை அனுப்புவார், அதுவும் மறுபரப்பப்படும். ஒரு சிறு செய்தி அலைவரிசையைச் சில நொடிகள் பிடித்துக்கொள்கிறது. கட்டுப்பாடின்றி அனுப்பும் அலோகா முறையில் அலைவரிசையின் பயன்திறன் உச்ச அளவில் 18.4 விழுக்காடே என்பது நிறுவப்பட்டது. ஆகவே அருவி நிலையங்கள் தம் இருப்பிடத்தை நிமிடந்தோறும் அறிவிப்பது தேவையற்றது. அசையாத நிலையத்துக்கு நீண்ட இடைவெளி போதும்.

குற்றாலத்தின் சாரல் மற்றொரு காரணி. 145 மெகாஹெர்ட்ஸில் மழைத்துளியால் அலை தேய்வது புறக்கணிக்கத்தக்கது. ஆயின் ஆன்டெனாக் கம்பியின் இணைப்பில் நீர் புகுந்தால் இழப்பு பெருகும். கோடையில் இயங்கி, சாரல் காலத்தில் தோற்கும் நிலையத்தில் மோடத்தை மாற்றுவதற்கு முன் இணைப்பைத் திறந்து பார்த்தல் நலம். 5 கி.மீ. திறந்த வெளியில் 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் இழப்பு ஏறத்தாழ 90 டெசிபல். 436 மெகாஹெர்ட்ஸில் 99 டெசிபல். பட்டையை மாற்றியதும் தொடர்பு அறுந்தால், இவ்வேறுபாட்டையும் மலைமறைப்பையும் முதலில் கருத வேண்டும்.

6. கண்டறியும் வரிசைமுறை

ஒரு நேரத்தில் ஓர் அடுக்கை மட்டும் சோதித்தல் என்பதே முறையின் சாரம். பின்வரும் நான்கு படிகள் போதுமானவை.

முதற்படி: வானொலியை விலக்கி, இரு மோடங்களின் ஒலிக்கம்பிகளை அளவைக் குறைத்து நேரே இணைத்தல். பொதி சென்றால் பண்பேற்றம், சட்டகம், கணினி இணைப்பு மூன்றும் பொருந்துகின்றன. செல்லாவிடில் மலையேறிப் பயனில்லை.

இரண்டாம் படி: அதே கம்பியில் தமிழ்ச் செய்தி ஒன்றை அனுப்பி, மறுமுனையில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுதல். எழுத்து அடுக்கின் பிழை இங்கேயே வெளிப்படும்.

மூன்றாம் படி: ஒரே அறையில் இரு வானொலிகளைப் போலிச் சுமையில் இணைத்துக் குறைந்த ஆற்றலில் இயக்குதல். முதற்படியில் இயங்கி இதில் தோற்றால், பிழை அதிர்வெண்ணிலோ ஒலியளவிலோ நேர அமைப்பிலோ உள்ளது. டயர் வுல்ஃப் மென்பொருள் ஒவ்வொரு பொதிக்கும் ஒலியளவையும், இரு தொனிகளின் அளவையும் தனித்தனியே காட்டுவதால் தொனிகளின் ஏற்றத்தாழ்வை எளிதில் அறியலாம். காத்திருப்பு நேரத்தை முதலில் மிகுதியாக வைத்து, இயங்கிய பின் சிறிது சிறிதாகக் குறைத்துப் போதுமான அளவைக் காண வேண்டும்.

நான்காம் படி: களத்தில் ஒரு நிலையத்தை மட்டும் தென்காசியோடு சோதித்து, பின்னர் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தல். இப்படியில் தோன்றும் குறை நிலப்பரப்பையோ மோதலையோ இணைப்பு ஈரத்தையோ சார்ந்தது.

ஒவ்வொரு படியிலும் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றி வெற்றி கண்டவர், எது காரணம் என்பதை அறியாமலே திரும்புவார். அடுத்த முறிவில் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தேட நேரிடும்.

7. சட்ட வரம்பு

இந்தியாவில் ஹாம் வானொலியை இயக்க, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு வழங்கும் உரிமம் தேவை. பன்னாட்டு வானொலி ஒழுங்குமுறைகளின் 25ஆம் பிரிவு, வெவ்வேறு நாடுகளின் அமெச்சூர் நிலையங்களுக்கிடையேயான ஒலிபரப்பின் பொருளை மறைக்கும் குறியீட்டைத் தடுக்கிறது. எனவே கடவுச்சொல்லால் மறைக்கப்பட்ட அருகலை இணைப்பை அப்படியே அமெச்சூர் பட்டைக்குக் கொண்டுவருதல் கூடாது. முன்னமைவாக மறையாக்கத்துடன் வரும் லோரா மென்பொருளிலும் அதனை நீக்க வேண்டும். செய்தியைச் சுருக்க எண் அட்டவணை ஒன்றைப் பயன்படுத்த விரும்பினால், அவ்வட்டவணை அனைவரும் அறியுமாறு வெளியிடப்பட்டிருத்தல் வேண்டும். சுருக்கம் வேறு, மறைப்பு வேறு.

8. முடிவுரை

மோடம் பொருந்தாமை என்று ஒரே பெயரால் வழங்கப்படுவது ஆறு வேறுபட்ட உடன்பாடுகளின் முறிவு ஆகும். கீழடுக்கிலிருந்து மேலடுக்கு நோக்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பவர், கருவியை மாற்றாமலே பெரும்பாலான குறைகளைத் தீர்க்க முடியும். ஆறாவதாகிய எழுத்து அடுக்கில் தமிழுக்கே உரிய கூறுகள் உள்ளன: குறிப்புள்ளிக்கு மூன்று பைட் என்னும் நீளம், ஏழு பிட் கருவிகளில் நேரும் சிதைவு, 67 பைட் எல்லையில் அறுபடும் எழுத்து. இவற்றை அறிந்து, எச்சரிக்கைத் தொடர்களை முன்கூட்டியே சுருக்கமாக அமைத்துச் சோதித்து வைத்தல் தமிழறிந்தோரும் வானொலியரும் இணைந்து ஆற்றத்தக்க பணி.

குற்றாலத்தில் சாரல் தொடங்குவது ஜூன் மாதத்தில். மேற்கூறிய சோதனைகளுள் முதல் மூன்றுக்கும் அருவியோ மழையோ தேவையில்லை. ஓர் அறையும் இரு கருவிகளும் போதும். வெள்ளம் வரும் நாளில் ஒலியளவைத் திருத்திக்கொண்டிருக்க நேரமிராது. ஆகவே பொருத்தம் காணும் பணி கோடையிலேயே முடிந்திருத்தல் வேண்டும்.